கம்பியை அறுக்காமல் கேட்கும் கணக்கு

பல்லடத்துக்குத் தெற்கே என் சிற்றப்பா வைத்திருந்த தோட்டத்தில், கிணற்று மேட்டின்மேல் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே நின்ற 5 குதிரைச் சக்தி மோட்டார், ஒரே கோடையில் இரண்டு தடவை காயில் கருகிப் போயிற்று. முதல் தடவை பழி, காயில் கட்டியவரின் கைத்திறத்தின்மேல் விழுந்தது. இரண்டாம் தடவை, அவர் வாங்கிக் கட்டிய செம்புக் கம்பியின் தரத்தின்மேல் விழுந்தது. தக்காளி காய்ப்புக்கு வந்திருந்த சமயம் அது. தண்ணீர் நான்கு நாள் நின்றால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்ற நிலைமையில், மூன்றாம் தடவையும் அதே கதி நேராதிருக்கவேண்டுமே என்ற கவலையோடு, பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளைஞரை அழைத்துவந்தோம். அவர் தம் தோள்பையிலிருந்து டாங் டெஸ்டரை எடுத்து, ஸ்டார்ட்டருக்குள் போகும் மூன்று கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்து, "ஏழு, ஏழு, எட்டுங்க. ஆம்ஸ் எல்லாஞ் சரியாத்தானுங்க எடுக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டாரின் பெயர்த் தகட்டில் 7.5 ஆம்பியர் என்றே பொறித்திருந்தபடியால், அவர் சொன்னதில் குற்றம் காண எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரத்துக்குள் மோட்டாரின் முதுகு கை வைக்க முடியாதபடி சுட்டது. வார்னிஷ் காயும் மணம் கிணற்று மேடெங்கும் வீசிற்று. இந்தத் தடவை வந்தவர் நாற்பது வருஷமாக மோட்டார் கட்டும் தொழிலிலேயே இருந்த ஒரு பெரியவர். அவர் மோட்டாரைத் தொடுமுன்பே தம்முடைய மீட்டரின் திருகை ஒரு படி கீழே இறக்கிவைத்துக்கொண்டு, அதே மூன்று கம்பிகளைப் பிடித்தார். முதல் கம்பியில் 6.6, இரண்டாவதில் 7.4, மூன்றாவதில் 8.4. சற்று நேரம் அந்த மூன்று எண்களையும் வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தவர், மோட்டாரின் பக்கமே திரும்பாமல் நேரே மெயின் போர்டுக்குப் போய், மின்சாரத்தை நிறுத்தி, ஒரு ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினார். அதன் பித்தளைப் பற்று கரியேறிக் கறுத்துக் கிடந்தது. ஸ்டார்ட்டருக்குள் இருந்த ஓவர்லோடு ரிலேயோ, அடிக்கடி விழுந்து தொந்தரவு செய்கிறது என்பதற்காக யாராலோ 10 ஆம்பியருக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பற்று கெட்ட ஃபேஸில் வோல்டேஜ் குறைய, அந்தக் குறையை மற்றொரு ஃபேஸ் சுமக்க, தடுக்கவேண்டிய ரிலே வாய்மூடி நிற்க, காயில் கருகியதில் வியப்பென்ன? வோல்டேஜில் 1 சதவீதம் ஏற்றத்தாழ்வு நேர்ந்தால், மோட்டார் எடுக்கும் ஆம்பியரில் அது 6 முதல் 10 மடங்காகப் பெருகித் தெரியும் என்பது மோட்டார் சாஸ்திரம் அறிந்தவர்களுக்குப் பழைய பாடம்.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை என்பதே இதில் என் மனத்தை அதிகமாக வருத்திய விஷயம். அவருடைய மீட்டரும் பொய் சொல்லவில்லை. அது 1000 ஆம்பியர் வரை அளக்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது; அந்த நிலையில் ஒரு முழு ஆம்பியருக்குக் கீழே பிரித்துக் காட்டும் சக்தி அதற்குக் கிடையாது. 6.6 என்பதை ஏழு என்றது, 7.4 என்பதையும் ஏழு என்றது, 8.4 என்பதை எட்டு என்றது. சராசரியிலிருந்து 12 சதவீதத்துக்குமேல் விலகி நின்ற ஒரு நோய், இரண்டு ஏழுகளுக்கும் ஓர் எட்டுக்கும் நடுவே சுவடில்லாமல் மறைந்துபோயிற்று.

டாங் டெஸ்டர் என்று தொழிலாளிகள் பழகிய பெயராலும், கிளாம்ப் மீட்டர் என்று கடைக்காரர்கள் அட்டைப் பெட்டியின் பெயராலும் அழைக்கிற இந்த உபகரணத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை ஆம்ஸ் வரைக்கும் காட்டும்?" என்பதுதான். அறுநூறு காட்டும், ஆயிரம் காட்டும் என்று கடைக்காரரும் பெருமையாகச் சொல்லுகிறார். ஆனால் ஒரு வீட்டு வயர்மேனோ, ஏ.சி. மெக்கானிக்கோ, மோட்டார் கட்டுபவரோ, வருஷம் முழுவதும் பிடித்துப் பார்க்கிற கம்பிகளில் பெரும்பாலானவை 20 ஆம்பியருக்குள் அடங்கியவை. ஆகையால் இந்தக் கருவி எவ்வளவு பெரியதை அளக்கும் என்பதைவிட, எவ்வளவு சிறியதைப் பிரித்துச் சொல்லும் என்பதே வாங்குகிறவர் முதன்மையாக விசாரிக்கத் தக்கது என்று, அந்தக் கிணற்று மேட்டில் கற்ற பாடத்தைக்கொண்டு நான் உறுதியாக நம்புகிறேன்.

இதன் உள்ளே நடப்பதைச் சற்று அறிந்துகொண்டால் தேர்ந்தெடுக்கும் விவேகமும் தானாக வரும். 1820-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்தில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் தன் நிலையிலிருந்து விலகுவதைக் கண்டு, மின்சாரம் போகிற வழியெல்லாம் அதைச் சுற்றிக் காந்த சக்தி எழுகிறது என்பதை உலகத்துக்கு அறிவித்தார். பதினோரு வருஷம் கழித்து, 1831-இல், லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பாதியில் ஒரு சுருளும் மறுபாதியில் மற்றொரு சுருளும் சுற்றி, முதல் சுருளில் மின்சாரம் மாறும்போதெல்லாம், அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாம் சுருளிலும் மின்சாரம் பிறப்பதை நிரூபித்தார். நம் கையிலுள்ள டாங் டெஸ்டரின் வாய், ஃபாரடேயின் அதே வளையந்தான். வேறுபாடு என்னவென்றால், வளையத்தை இரண்டாக அறுத்து, கீல் வைத்து, திறந்து மூடும் தாடையாக்கியிருக்கிறார்கள். வாய்க்குள் நுழையும் கம்பியே ஒரு சுற்று கொண்ட முதல் சுருள். தாடைக்குள் நமக்குத் தெரியாமல் பல நூறு சுற்றாகச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியே இரண்டாம் சுருள். கம்பியில் ஓடுவதன் ஒரு சிறு பிரதிபிம்பம் உள்ளே பிறக்கிறது. அதை எண்ணாக மாற்றித் திரையில் எழுதுகிறது மீட்டர்.

இது எத்தகைய வரப்பிரசாதம் என்பதை உணர, இது இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1923-இல் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பொறியாளர் டொனால்ட் மெக்காடி உருவாக்கிய ஏவோ மீட்டர், ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்துகாட்டிய அருமையான கருவி. ஆயினும் ஆம்பியரைப் பார்க்கவேண்டுமானால் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோத்து, மறுபடியும் மின்சாரத்தை விடவேண்டியிருந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூர் மில்களில் மோட்டார்கள் பெருகிய காலத்திலும், 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சுதேசி மோட்டாரை அதே ஊரில் உருவாக்கிய காலத்திலும், ஓடுகிற மோட்டாரை நிறுத்தாமல் அதன் நாடியைப் பிடித்துப் பார்ப்பது சாமான்யத் தொழிலாளியின் கைக்கு எட்டாத காரியமாகவே இருந்தது. இன்று ஐ.டி.ஐ. படித்து வெளியே வருகிற பையனின் தோள்பையில் அந்த வசதி இருக்கிறது.

சிறியதைப் பிரித்துச் சொல்லும் திறனை எப்படி அறிவது? அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில், பிழையின் எல்லையை 2 சதவீதமும் 5 டிஜிட்டும் என்று இரண்டு பங்காக எழுதியிருப்பார்கள். சதவீதத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். டிஜிட்டை யாரும் கவனிப்பதில்லை. டிஜிட் என்பது திரையில் கடைசி இடத்தில் நிற்கும் எண்ணின் ஒரு படி. நம் மோட்டார் 8 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் 40 ஆம்பியர் நிலையில் கடைசி எண் நூறில் ஒரு பங்கைக் காட்டுமானால், 2 சதவீதம் 0.16, ஐந்து டிஜிட் 0.05, ஆக 0.21, காட்டுகிற எண் 7.79-க்கும் 8.21-க்கும் இடையில் இருக்கும். அதே மீட்டரை 400 ஆம்பியர் நிலைக்கு மாற்றினால், கடைசி எண் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. 2 சதவீதம் அதே 0.16 தான், ஐந்து டிஜிட்டோ 0.5, ஆக 0.66. காட்டுகிற எண் 7.34-ஆகவும் இருக்கலாம், 8.66-ஆகவும் இருக்கலாம். பெட்டியின்மேல் இரண்டுக்கும் ஒரே 2 சதவீதந்தான் அச்சிடப்பட்டிருக்கிறது! 1000 ஆம்பியர் நிலை மட்டுமே உள்ள கருவியில் 8 ஆம்பியரை அளப்பது, லாரி எடை போடும் மேடையில் தங்கத் தாலியை நிறுக்கிற காரியம்.

வயர் மெல்லியதாக இருந்து, எடுக்கும் ஆம்பியரும் அற்பமாக இருந்தால், ஒரு பழைய உபாயம் உண்டு. அந்த ஒற்றைக் கம்பியையே தாடைக்குள் பத்துச் சுற்றாகச் சுற்றி அளந்தால், மீட்டர் பத்து மடங்கு காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம். 100 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் 0.43 ஆம்பியர்தான் எடுக்கும். பத்துச் சுற்றில் அது 4.3 என்று தெளிவாகத் தெரியும். ஆனால் இரண்டு கம்பி ஓடும் முழு வயரையும் சேர்த்து வாய்க்குள் விட்டால் மீட்டர் பூஜ்யந்தான் காட்டும்; போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் எழுப்புகிற காந்த சக்திகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் முதல் நாளில் செய்யும் பிழை இது. இந்தப் பிழையே பின்னால் எவ்வளவு பெரிய பிரயோஜனமாக மாறுகிறது என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

இனி வருவது, இந்தத் தலைமுறையில் புதிதாக முளைத்த சிக்கல். குண்டு பல்பும் இஸ்திரிப் பெட்டியும் மட்டுமே இருந்த வீட்டில் மின்சாரம் அலை அலையாக, ஏறி இறங்கும் ஒழுங்கோடு ஓடிற்று. எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி., மில்களில் மோட்டார் வேகத்தை ஆளும் டிரைவ் ஆகியவையோ, அந்த அலையை அதன் முழு வடிவில் குடிப்பதில்லை. உச்சியில் மட்டும் ஒரு மிடறு குடித்து, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கின்றன. விலை குறைந்த மீட்டர் இதை அறியாது. அது அலையின் சராசரியை எடுத்து, ஒழுங்கான அலைக்கு மட்டுமே பொருந்துகிற 1.11 என்ற எண்ணால் பெருக்கி, அதையே உண்மை என்று எழுதிக் காட்டுகிறது. ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று முகப்பில் பொறித்த மீட்டரோ, அலை எவ்வளவு கோணலாக இருந்தாலும், அது கம்பியில் எவ்வளவு சூட்டை உண்டாக்குமோ அந்த அளவைக் கணக்கிட்டுச் சொல்லுகிறது. கம்பி கருகுவது சராசரியால் அல்ல, சூட்டால்.

வேறுபாடு சிறிதா என்று கேட்கலாம். ஒரு ஹீட்டரை, அலையின் ஒவ்வொரு அரைப் பகுதியிலும் முன்பாதியை அறுத்துவிடுகிற டிம்மர் வழியாக ஓட்டிப் பார்த்தால், முழு அளவில் 10 ஆம்பியர் எடுத்த அது, உண்மையில் 7 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டிருக்கும். சராசரி மீட்டர் 5 என்று சொல்லும். கம்ப்யூட்டர்கள் நிரம்பிய அலுவலகத்தில் இது இன்னும் அபாயகரமானது. மூன்று ஃபேஸ்களிலும் பாரம் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது என்று பாடப்புத்தகம் சொல்வது ஒழுங்கான அலைக்கு மட்டுமே உண்மை. கோணலான அலைகளில் பிறக்கும் 150 ஹெர்ட்ஸ் பகுதி மூன்று ஃபேஸ்களிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றுசேர்ந்து, சில கட்டடங்களில் ஃபேஸைவிட நியூட்ரலை அதிகமாகச் சுட வைக்கிறது. அங்கே ஃபியூஸும் கிடையாது. அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்க்கிறவர் கையில் சராசரி மீட்டர் இருந்தால், அவர் அமைதியாக வீட்டுக்குப் போவார். கம்பி அமைதியாக இராது. இக்காலத்தில் தொழில் செய்கிறவர், வேறு எந்த வசதியை விட்டுக்கொடுத்தாவது, ட்ரூ ஆர்.எம்.எஸ். உள்ள மீட்டரையே வாங்கவேண்டும் என்பது என் கட்சி.

பாட்டரி, சோலார் தகடு ஆகியவற்றில் ஓடும் நேர்மின்சாரமான டி.சி. விஷயம் வேறு. மாறாத மின்சாரம் ஃபாரடேயின் வளையத்தில் ஒன்றையும் பிறப்பிக்காது, ஆகையால் மாறுமின்சாரமான ஏ.சி.யை மட்டும் அளக்கும் தாடையில் சோலார் கம்பியை விட்டால் பூஜ்யமே வரும்; அதைப் பார்த்து, மின்சாரமே ஓடவில்லை என்று நம்பிக் கம்பியைப் பிடுங்கியவர், கையில் தீப்பொறியோடு பாடம் கற்பார். டி.சி.யை அளப்பதற்கு, 1879-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் கண்ட தத்துவம் உதவுகிறது. காந்த சக்திக்கு நடுவே வைத்த, மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டில் பக்கவாட்டில் பிறக்கும் சிறு வோல்டேஜை மீட்டர் படித்துச் சொல்லுகிறது. இந்த வகை மீட்டர் பூமியின் காந்தத்தையும் அருகிலுள்ள இரும்பின் காந்தத்தையும்கூட உணர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடிக்குமுன் பூஜ்யப் பொத்தானை அழுத்திக்கொள்வது நியமம். வீட்டு வயரிங்கோடு நிற்கிறவருக்கு இந்தக் கூடுதல் செலவு அவசியமில்லை. கூரைமேல் சோலார் பூட்டுகிறவர், பாட்டரி வண்டி பழுது பார்க்கிறவர் இருவருக்கும் இது இல்லாமல் தொழிலே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணின் நேர்மையைப் பற்றியது. உயிரைப் பற்றிச் சொல்லவேண்டியது இனிமேல்தான். இதையே முதலில் சொல்லியிருக்கவேண்டுமோ என்றுகூட நினைக்கிறேன்.

மீட்டரின் முகத்தில், கம்பி செருகும் துளைகளின் பக்கத்தில், கேட் என்ற எழுத்துகளும் அதையடுத்து ரோமன் எண் ஒன்றும் சில நூறு வோல்ட் என்ற அளவும் சிறியதாக அச்சிட்டிருக்கும். ஐ.இ.சி. 61010 என்ற சர்வதேசப் பிரமாணத்தின்படி, அந்த மீட்டரை எந்த இடம் வரைக்கும் கொண்டுபோகலாம் என்று வகுத்த எல்லைக்கோடு அது. சுவரிலுள்ள ப்ளக்கில் செருகி ஓடும் சாமான்கள் கேட் 2. மெயின் போர்டு, டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, நிலையாகப் பூட்டிய மோட்டார், ஸ்டார்ட்டர் ஆகியவை கேட் 3. கம்பத்திலிருந்து இறங்கும் சர்வீஸ் வயரும் மின்வாரியத்தின் மீட்டர் இருக்கிற இடமும் கேட் 4. ஊற்றுக்கண்ணை நெருங்க நெருங்க எண் ஏறுகிறது.

நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட், மூன்று ஃபேஸுக்கிடையில் 415 வோல்ட், ஆகவே 600 வோல்ட் தாங்கும் எந்த மீட்டரும் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் எங்கோ இடி விழும்போதும், பெரிய மோட்டாரோ கண்டென்சர் வரிசையோ திடீரென்று துண்டிக்கப்படும்போதும், கம்பி வழியே ஆயிரக்கணக்கான வோல்ட் உயரமுள்ள ஓர் அலை, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போகிறது. மீட்டரின் வயிற்றில் இடைவெளி போதாமலிருந்தால், அந்த அலை உள்ளே ஒரு தீப்பொறியை மூட்டும். அலை போய்விடும், தீப்பொறி போகாது. அதன் வழியே, பின்னால் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் தன் முழு பலத்தையும் கொட்டும். அதைப் பிடித்திருப்பது ஒரு மனிதனின் கை. கேட் 3, 600 வோல்ட் மீட்டரை 6000 வோல்ட் அலையால் பரீட்சை செய்கிறார்கள். கேட் 2, 1000 வோல்ட் மீட்டரையும் அதே 6000 வோல்ட்டால்தான் பரீட்சிக்கிறார்கள். ஆனால் முன்னதன் பரீட்சையில் குறுக்கே நிற்கும் தடை 2 ஓம். பின்னதில் 12 ஓம். ஆகவே முன்னது 3000 ஆம்பியரின் தாக்குதலுக்கும், பின்னது 500 ஆம்பியரின் தாக்குதலுக்கும் நின்று காட்டினவை. ஆயிரம் என்ற எண் அறுநூறைவிடப் பெரியது என்று கடையில் தீர்மானித்து வாங்குகிறவர், ஆறில் ஒரு பங்கு காவலையே வாங்கிக்கொண்டு போகிறார்.

டெஸ்ட் லீடு என்னும் இரண்டு கம்பிகளுக்கும் இதே எழுத்துகள் இருக்கவேண்டும். நல்ல மீட்டரோடு வந்த லீடு அறுந்தபின், தெருவோரக் கடையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டால், இரண்டில் எது தாழ்ந்ததோ அதுவே அந்த மீட்டரின் தகுதி. தாடைக்குக் கீழே விரல் வழுக்கி மேலே போகாதபடி ஒரு விளிம்பு எழுப்பியிருப்பார்கள். அதற்குமேல் விரல் போகலாகாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்பிக்கு அருகே கொண்டுபோனாலே விளக்கு எரிந்து கூவுகிற என்.சி.வி. என்ற வசதியை இன்று பல மீட்டர்களிலும் வைக்கிறார்கள். அது கூவினால் மின்சாரம் இருக்கிறது என்று நம்பலாம். கூவாவிட்டால் இல்லை என்று ஒருக்காலும் நம்பலாகாது. மின்சாரம் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் லீடு வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யவேண்டிய இடத்தில் வைத்து இல்லை என்று கண்டு, மறுபடியும் முதல் இடத்தில் வைத்து மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கம்பியில் கை வைக்கவேண்டும். அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்தவர்களின் குடும்பங்களை நான் அறிவேன்.

இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் வரும் என்று சொன்னேன் அல்லவா? பூஜ்யம் வராவிட்டால்தான் விஷயம் இருக்கிறது. ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை. வழியில் ஈரச் சுவரிலோ, கெய்சரின் இரும்பு உடம்பிலோ, தோல் தேய்ந்த வயரிலோ கசிந்து பூமிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அதற்குப் பொருள். இப்படிக் கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் காரணமில்லாமல் விழுகிறது என்று சொல்லி அதைக் கழற்றி எறியச் சொல்லுகிறவர்கள் உண்டு. உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. விழுவதற்கு 30 மில்லி ஆம்பியர் போதும். சாதாரண டாங் டெஸ்டரின் கண்ணுக்கு அந்தச் சிறு கசிவு தெரியவே தெரியாது. மில்லி ஆம்பியரைப் பிரித்துக் காட்டுகிற லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் என்ற தனி வகை இதற்கென்றே இருக்கிறது. வீட்டு வேலையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இரண்டாவது மீட்டராக இதையே சிபாரிசு செய்வேன்; ஒவ்வொரு அறையின் கம்பிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே போனால், கசிவு எந்த அறையில் என்பது பத்து நிமிஷத்தில் அகப்பட்டுவிடும்.

மற்ற அலங்காரங்களில் தொழிலுக்குத் தக்கவாறு ஒன்றிரண்டு போதும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மோட்டார் தன் ஆம்பியரைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். சாதாரணத் திரை அதை எழுதுவதற்குள் அந்தக் கணம் கடந்துவிடும். அதைப் பிடித்து வைப்பது இன்ரஷ் என்ற வசதி. கம்ப்ரஸர் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்கும் ஏ.சி. மெக்கானிக்குக்கு இது பெரிய உதவி; மின்விசிறியின் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரிலிருந்து கம்ப்ரஸரின் பெரிய கண்டென்சர் வரை சோதிக்கும் வசதியும் அவருக்கு வேண்டும். ஹோல்டு பொத்தான் இருட்டு மூலையில் அளக்க உதவும். அதை எடுக்க மறந்தால், போன வீட்டின் எண்ணை இந்த வீட்டிலும் காட்டிக்கொண்டிருக்கும். கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் மீட்டர்கள் பெரிய ஆலைகளுக்குப் பொருந்தும்.

கடைக்குப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவிலும், மற்ற நகரங்களின் எலக்ட்ரிகல் கடைத்தெருக்களிலும், சில நூறு ரூபாய்க்கும் மீட்டர் கிடைக்கிறது. பல பத்தாயிரத்துக்கும் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளூக், ஜப்பானின் கியோரிட்சு, ஹியோகி, நம் நாட்டின் மோட்வானே, மெக்கோ, சீனத்தின் யூனி-டி என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். பெயரைக் கேட்டு மயங்காமல், தாடையை நாலு தடவை திறந்து மூடி, இரண்டு முனைகளும் இடைவெளி தெரியாமல் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். அங்கே ஒரு மண்துகள் நின்றாலே எண் குறைந்துவிடும். ஓடுகிற ஒரு கம்பியைத் தாடையின் நடுவிலும், பிறகு மூலையிலும் வைத்துப் பார்த்தால், எண் எவ்வளவு தள்ளாடுகிறது என்பது தெரியும். உங்கள் ஊர் போர்டுகளில் கம்பிகள் நெருக்கமாக இருக்குமானால், பெரிய வாயைவிட மெல்லிய மூக்குள்ள தாடையே உள்ளே போகும். பில்லும் உத்தரவாதமும் தராமல் பெரிய பெயரைச் சின்ன விலைக்குத் தருகிற கடையிலிருந்து திரும்பி வந்துவிடுவதே உத்தமம். நான் அப்படி ஒன்றை வாங்கி, ஆறு மாதத்தில் பிரித்துப் பார்த்தபோது, முகத்தில் கேட் 4 என்று பொறித்த அதன் வயிற்றில் அதற்குரிய காவல் ஒன்றுமே இல்லை. வாங்கியபின் வருஷத்துக்கு ஒரு தடவை, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலையில் காலிபரேஷன் செய்துகொள்வது, மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலை செய்கிறவருக்கு அவசியம். நெடுநாள் உபயோகிக்காமல் வைப்பதானால் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

கிணற்று மேட்டுக்கு வந்த பெரியவர் ஃபியூஸ் கேரியரை மாற்றி, ரிலேயை 7.5-க்குத் திருப்பி, மோட்டாரை ஓட்டி, மறுபடியும் மூன்று கம்பிகளையும் பிடித்தார். பிறகு, முதலில் வந்துபோன அந்த இளைஞருக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, அவருடைய மீட்டரையே வாங்கி, திருகை ஒரு படி இறக்கி, "இங்க வெச்சுப் பாருங்க தம்பி" என்று அவர் கையில் கொடுத்தார். இளைஞர் பார்த்தார், முகம் சிவந்துபோயிற்று, பெரியவர் அதைக் கவனிக்காதவர்போல், சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, ஸ்டார்ட்டர்ப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் தேதியை எழுதி, அதன் கீழே இளைஞரைப் படிக்கச் சொல்லி மூன்று எண்களை எழுதினார்: 7.3, 7.4, 7.5. அந்தக் கதவில் இப்போது பதினோரு வரிகள் இருக்கின்றன. கடைசி ஏழு வரிகள் அந்த இளைஞரின் கையெழுத்து.